போர்டு வண்டி வந்தால் என்ன நடக்கும்

எங்கள் தொழிலில் அபராதத்துக்குப் பயப்படுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கோர்ட் கேஸுக்கும் பெரிய பயமில்லை. அது பாட்டுக்கு நடக்கும், வாய்தா வாங்கிக்கொண்டே போகலாம். எல்லோரும் பயப்படுவது கரண்டுக்குத்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து (நாங்கள் ‘போர்டு’ என்போம்) மின்வாரியத்துக்கு ஒரு உத்தரவு போனால் லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்துவிடுவார். அதோடு பட்டறை படுத்துவிடும்.

நான் வேதியியல் படித்தவன். கொங்குப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் சொந்தக்காரர் யாராவது கூப்பிட்டு, "ஏப்பா, புகார் கொடுத்து ஒரு மாசம் ஆச்சு, இன்னும் ஏன் மூட மாட்டேங்கறாங்க?" என்று என்னையே கேட்பார்கள், நான்தான் போர்டு மாதிரி. அவர்களுக்குப் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் வந்தது. அதற்கு அடிப்படை 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம். ஆலை கட்ட ஒரு இசைவாணை, ஓட்ட இன்னொன்று. எங்கள் வாயில் இரண்டுமே ‘கன்சென்ட்’தான். எந்த ஆலை எவ்வளவு கெடுக்கும் என்பதைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். சாயப்பட்டறை சிவப்பு. இதற்கு மேல் காகித விவகாரத்தில் சுவாரசியம் ஒன்றும் இல்லை.

சுவாரசியம் சாம்பிள் எடுப்பதில்தான் இருக்கிறது. செக்யூரிட்டி ஓடி வந்து "சார், போர்டு வண்டி" என்றதும் நான் எழுந்து அவுட்லெட்டுக்குப் போவேன். வருகிற உதவிப் பொறியாளர் முதலில் குழாயைப் பார்க்க மாட்டார். சுவரோரம் மண் ஈரமாக இருக்கிறதா, புதிதாகத் தோண்டி மூடின தடம் இருக்கிறதா என்றுதான் பார்வை போகும். திருட்டுக் குழாய் அங்கேதானே இருக்கும். அப்புறம்தான் கேன். பொதுவான சோதனைகளுக்கு பிளாஸ்டிக் கேன். எண்ணெய்ப் பசைக்கு மட்டும் வாயகன்ற கண்ணாடி பாட்டில், ஏனென்றால் எண்ணெய் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றவும் கூடாது. பாட்டிலையே நேராகத் தண்ணீரில் காட்டிப் பிடிக்க வேண்டும். பி.ஓ.டி., அதாவது அழுக்கைத் தின்கிற கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவு, பார்க்கிற பாட்டில் உடனே ஐஸ் பெட்டிக்குள் போகும். வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கிற கிருமிகள் வேலையை ஆரம்பித்துவிடும். லேபுக்குப் போகும்போது தண்ணீர் உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

கோர்ட்டில் நிற்க வேண்டிய சாம்பிள் என்றால் கூடுதல் சடங்கு உண்டு. சோதனைக்கு அனுப்பப் போகிறோம் என்று அங்கேயே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நம் கண் முன்னால் இரண்டு பங்காகப் பிரித்து, சீல் வைத்து, அவரும் நாமும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று வாரிய லேபுக்குப் போகும். நாம் கேட்டால் இன்னொன்றை அரசு குறித்துள்ள வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இது. இதில் ஒரு படி பிசகினாலும் ஆலைத் தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். பத்து கிலோமீட்டருக்கு ஆற்றைச் சிவப்பாக்கிய கேஸ்கூட சீலில் கையெழுத்து இல்லை என்று விழலாம். பி.ஓ.டி. முடிவு வரவே மூன்று நாள் ஆகும், 27 டிகிரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவசரப்படுத்தினால் நடக்காது.

முடிவு மோசமாக வந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பதில் சொல்லப் பொதுவாக 15 நாள். சொந்தக்காரர்கள் திட்டுவது இந்த இடைவெளியைத்தான். ஆனால் கடுமையான பாதிப்பு வரும் நிலை என்றால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு, விளக்கம் கேட்காமலே மூடச் சொல்லலாம். அந்த அதிகாரத்தைத் தருவது நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவு, காற்று மாசுக்குக் காற்றுச் சட்டத்தின் 31ஏ. 33ஏ 1988இல்தான் சட்டத்தில் நுழைந்தது. அதற்கு முன்னால் போர்டு கோர்ட் வாசலில் போய் நிற்க வேண்டும். மூடு, மின்சாரத்தை வெட்டு, தண்ணீரை நிறுத்து என்று வாரியமே எழுதலாம் என்று ஆனதும்தான் முதலாளிமார் எங்களை மாதிரி ஆட்களை வேலைக்கு வைத்தார்கள் என்பது என் கணிப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையைச் சாத்தியமே இல்லை என்று வருஷக்கணக்காகச் சொன்னவர்கள், கரண்ட் போன பிறகு அதற்கான இயந்திரங்களை வாங்கினார்கள். நொய்யல் ஆற்றுக்கு அது தாமதம்தான்.

பணமாக வாங்குகிற வழியும் இருக்கிறது. மத்திய வாரியத்தின் சூத்திரப்படி சிவப்பு வகைக்கு மதிப்பெண் 80, அதை 250 ரூபாயால் பெருக்கி, ஆலையின் அளவுக்குரிய எண்ணால் பெருக்கி, மீறின நாட்களால் பெருக்க வேண்டும். நடுத்தரப் பட்டறை என்றால் அந்த எண் 1, அதனால் நாளைக்கு 20,000 ரூபாய். ஊர் பெரிதானால் இன்னும் ஏறும். வாரியம் இப்படி இழப்பீடு கேட்கலாமா என்பதே வழக்காக இருந்தது. கேட்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எப்படிக் கணக்கிடுவது, எதிர்த்தரப்பை எப்படிக் கேட்பது என்று விதிகளை வகுத்த பிறகே வசூலிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. சரி, நியாயம்தான். சாயப்பட்டறைச் சம்பளக்காரன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

இதெல்லாம் நிதானமாக நடக்கிற வேலை. விபத்து என்று வந்தால் இந்த இயந்திரம் தடுமாறும். வாயு கசிகிற இடத்தில் யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் போபாலுக்குப் பிறகு வந்த விதிகள் பிரித்து வைத்திருக்கின்றன. ஆலைக்குள் என்ன செய்வது என்ற திட்டம் ஆலையுடையது. 1996ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட நெருக்கடிக் குழுவுக்குக் கலெக்டர் தலைவர். கடலில் எண்ணெய் கொட்டினால் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல் படை. போர்டின் பங்கு முக்கியமாக அளப்பது, காரணம் கண்டுபிடிப்பது, உத்தரவு போடுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோது, அதை மக்கால் மொண்டு டிரம்மில் ஊற்றியது படகுக்காரர்கள்தான். போர்டு ஆலைக்குள் போய், மழைநீரைச் சரியாகக் கையாளவில்லை என்று கண்டுபிடித்தது. அதுவும் தேவைதான். ஆனால் எண்ணெய் அள்ளுவது வேறு யாரோ ஒருவருடைய வேலை என்று எல்லோரும் நினைத்த நாட்களில் அலையாத்திச் செடிகள் கறுத்துப் போயின.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தது. கப்பலிலிருந்து உர ஆலைக்கு வருகிற கடலடிக் குழாய். ஜனங்கள் கண் எரிச்சலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாரியம் வெளியிட்ட எண்கள் எனக்கு மனப்பாடம்: ஆலை வாசல் பக்கம் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400, குழாய்ப் பக்கம் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. செய்தியில் ‘ஐந்து மடங்கு’ என்று வந்தது. ஒரு வேதியியல்காரனாக எனக்கு உறுத்தியது வேறு. 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 2,090 என்பது சுமார் 3 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் மூன்று பங்கு. கண்ணும் தொண்டையும் எரிய அதைவிடப் பல மடங்கு வேண்டும். அப்படியானால் கருவி வந்து சேர்வதற்குள் வாயு மேகத்தின் அடர்ந்த பகுதி தெருக்களைத் தாண்டிப் போயிருக்கிறது. ஊர் மூச்சில் இழுத்த உச்ச அளவு எந்த ஏட்டிலும் இல்லை. ஜனங்கள் சொன்னதுதான் அதற்குச் சாட்சி. அபாய ஆலைகளின் சுவருக்கு வெளியே, குடியிருப்புப் பக்கம், இரவும் பகலும் ஓடுகிற அமோனியா கருவி இருக்க வேண்டும், அது ஒலித்தால் தெருவில் சைரன் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆலைக்குள் இருக்கிற கருவி ஆலைக்காரருக்குத்தான் முதலில் சொல்லும்.

அதுவரை, புகார் செய்கிறவர்களுக்கு ஒன்று. "நாத்தம் தாங்கலை" என்று மட்டும் எழுதினால் அது ஃபைலில் தூங்கும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, அழுகின முட்டை நாற்றமா அல்லது கண்ணைக் கரிக்கிறதா, தண்ணீர் என்றால் எந்தப் பாலத்துக்குக் கீழே என்ன நிறம் என்று எழுதி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு அனுப்பி, நகலைக் கலெக்டருக்கும் போடுங்கள். மழை பெய்கிற ராத்திரிகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். திறந்துவிடுகிறவர்கள் மழைக்காகத்தான் காத்திருப்பார்கள்.