அகழாய்வு அனுமதி: டெல்லிக்கு முன் ஒரு தென்னந்தோப்பு

அகழாய்வுக்கு அனுமதி வாங்குவதென்றால் டெல்லியோடு மல்லுக்கட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத் துறைக்காக விண்ணப்பம் தயாரித்த எனக்கு ஊருக்குள்தான் அதிக வேலை இருந்தது.

மாநில அரசே தோண்டினாலும் 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம் இந்தியத் தொல்லியல் துறைக்குப் போகிறது. தொல்லியல் ஆலோசனை வாரியத்தின் நிலைக்குழு அதைப் பரிசீலிக்கிறது. 'மேடு முழுக்கப் பானை ஓடுகள்' என்று எழுதினால் போதாது, அப்படிப்பட்ட மேடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. வாய்க்கால் வெட்டிய கரையில் கருப்பு சிவப்பு ஓடுகளும் இரும்புக் கசடும் மண்ணடுக்கோடு தெரிந்ததைப் படமெடுத்து, அளந்து, வரைந்து இணைத்தோம். விண்ணப்பத்தின் உயிர் அந்த ஒரு பக்கம்தான் என்பேன்.

மேட்டில் ஒரு பகுதி புறம்போக்கு. மீதி கூட்டுப் பட்டா, தென்னந்தோப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்களைச் சரிபார்த்துக்கொண்டு பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் கேட்டுப் போனேன். மூத்தவர் கீழடியைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். அங்கேயும் தோப்புக்குள்தான் தோண்டினார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே பயம்.

"ஏதாவது கிடைத்தால் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா தம்பி?"

எடுக்கவே மாட்டார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்க மனம் வரவில்லை. முக்கியமான சான்று கிடைத்தால் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கச் சட்டத்தில் வழியிருக்கிறது என்பதையும் சொன்னேன். சில வாரம் இழுத்தார். பிறகு, வேரில் மண்வெட்டி படக்கூடாது, முடிந்ததும் குழிகளை மூடித்தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தார். மரங்களுக்கு இடையில் அடங்கும்படி குழிகளின் கட்டத்தை மறுபடி வரைந்தோம். உண்மையில் அந்த வரைபடம்தான் முந்தையதைவிட நன்றாக அமைந்தது.

தோண்டிய பிறகு என்ன செய்வீர்கள் என்பதில்தான் டெல்லியில் கவனம் அதிகம். பொருட்களை எங்கே வைப்பீர்கள், காலக்கணிப்புக்குப் பணம் உண்டா, சென்ற அகழாய்வின் அறிக்கை எங்கே? கடைசிக் கேள்வி நியாயமானது. அறிக்கை எழுதாமல் அடுத்த குழிக்கு ஓடும் பழக்கம் நம் துறையில் பழையது.

அனுமதி செப்டம்பர் 30 வரைதான். களப்பருவத்தை அக்டோபரில் இருந்து கணக்கிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் குழி வெட்டினால் தண்ணீர்தான் இறைக்க வேண்டும். ஆகவே தமிழ்நாட்டில் தை பிறந்த பிறகுதான் வேலை நடக்கும். விண்ணப்பிப்பவர்கள் கால அட்டவணையை அதற்கேற்பவே போடுங்கள். தொடர்ந்து தோண்ட வேண்டுமானால் மறுபடி விண்ணப்பம், கூடவே இந்தப் பருவத்தின் அறிக்கை. அதற்கான குறிப்புகளை முதல் குழியிலிருந்தே எழுதி வருகிறோம்.