பின்னால் வந்து மோதிய குட்டியானையும் என் இன்சூரன்ஸ் க்ளெய்மும்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. அம்மாவை வடபழனியில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆற்காடு சாலை வழியாகக் காரில் போரூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வளசரவாக்கத்தில் சிக்னல் விழுந்தது, நிறுத்தினேன். நிறுத்திப் பத்து நொடிகூட ஆகியிருக்காது. பின்னாலிருந்து டமார் என்று சத்தம். வண்டி ஒரு முழம் முன்னால் போய் நின்றது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அது கழன்று காலடியில் விழுந்தது.

இறங்கிப் பார்த்தால் தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று என் டிக்கியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. வண்டிக்கு அடியில் ஏதோ ஒழுகி வந்ததைப் பார்த்துப் பெட்ரோலோ என்று பதறிப்போனேன். குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, உடைந்த கேனிலிருந்து வந்த தண்ணீர். ஓட்டிவந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "தம்பி, உனக்கு எங்கயும் அடி படலையே?" என்று கேட்டார். அதற்குள் பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் செய்ததுதான் அடுத்த ஒரு மாதம் முழுக்க எனக்குக் கைகொடுத்தது. வண்டியை ஓரங்கட்டும் முன்பே போட்டோ எடுத்தேன். இரண்டு வண்டிகளும் ஒட்டி நிற்கிற மாதிரி ஒன்று, சிக்னல் கம்பம் தெரிகிற மாதிரி ஒன்று, இரண்டு நம்பர் பிளேட்டும் விழுகிற மாதிரி ஒன்று. அப்புறம் ஓரமாக வந்து அவருடைய லைசென்ஸையும் ஆர்.சி. நகலையும் படம் பிடித்துக்கொண்டேன். அரசின் எம்பரிவாஹன் செயலியில் அவர் வண்டி எண்ணைப் போட்டதும் காப்பீடு நடப்பில் இருக்கிறது என்று காட்டியது.

பையன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். "அக்கா, மூவாயிரம் இருக்கு. இதோட முடிச்சுக்கலாம்க்கா. ஓனருக்குத் தெரிஞ்சா சம்பளத்துல பிடிச்சிடுவாரு." மனசு கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் சேதம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. பணத்தை வாங்கிக்கொண்டு 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால், பிறகு என் காப்பீட்டு நிறுவனத்திடமும் சிக்கலாகியிருக்கும். நமக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனத்துக்கு, தவறு செய்தவரிடம் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நாமே நடுத்தெருவில் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓனரின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே போலீஸ். சென்னையில் சாலை விபத்துகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. "அடி யாருக்கும் படலையேம்மா, பேசி முடிச்சுக்கலாமே" என்றார்கள். வழக்குப் போட நான் வரவில்லை, நடந்ததைப் பதிவு செய்து சி.எஸ்.ஆர். கொடுத்தால் போதும் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாலும் கொடுத்தார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அந்த ஒற்றைத் தாள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நான்கு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அம்மாவுக்குக் கழுத்துப் பிடிப்பு இரண்டு நாள் இருந்து சரியாகிவிட்டது. காயம் என்று ஏதாவது இருந்திருந்தால் முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று என்று இது வேறு பாதைக்குப் போயிருக்கும். அப்படி ஆகவில்லை என்பதில் எனக்கு இன்றுவரை நிம்மதி.

இனி முக்கியமான கேள்வி. தவறு அவர்கள் மேல். அப்படியானால் அவர்களுடைய இன்சூரன்ஸ்தானே கொடுக்க வேண்டும்? சட்டப்படி ஆமாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தான். ஆனால் அந்த நிறுவனத்துக்கு போன் போட்டுப் பணம் கேட்க முடியாது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். வக்கீலாக இருக்கும் சித்தி பையனிடம் கேட்டேன். "போடலாம்க்கா, நியாயம் உன் பக்கம்தான். ஆனா சில ஆயிரத்துக்காக எத்தனை வாய்தாவுக்கு ஹைகோர்ட் வளாகத்துக்கு வந்து நிப்ப? வண்டியை அதுவரைக்கும் உடைஞ்ச டிக்கியோடவா ஓட்டுவ?" என்றான். அந்த வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் சென்னையின் விபத்துத் தீர்ப்பாயங்கள் நடக்கின்றன. சின்னச் சேதத்துக்குப் பெரும்பாலோர் தங்கள் சொந்த பாலிசியில், தங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியிலேயே க்ளெய்ம் போட்டுவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அதற்கு நாம் கொடுக்கிற விலை என்ன என்பதை முன்கூட்டியே யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று இரவே கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு க்ளெய்ம் பதிந்தேன். திங்கட்கிழமை வண்டியை, காப்பீட்டு நிறுவனம் தன் பங்கை நேராகக் கட்டிவிடும் கேஷ்லெஸ் வசதி உள்ள ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன்னால் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை சர்வேயர் வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "ரிவர்ஸ் எடுக்கும்போது எதுல இடிச்சீங்க மேடம்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கால் சென்டரில் பதிந்தவர் 'பின்பக்க மோதல்' என்று நான் சொன்னதை, நான் பின்னால் எடுத்து இடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். நான் கையால் எழுதிய க்ளெய்ம் படிவத்தில் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் க்ளெய்மையே சந்தேகத்துடன்தான் பார்ப்பார்கள். சி.எஸ்.ஆர். தாளையும், இரண்டு வண்டிகளும் ஒட்டி நிற்கிற போட்டோவையும் காட்டினேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "இது போதும்" என்றார். இருந்தாலும் பதிவைத் திருத்தச் சொல்லி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. திருத்தம் வர மூன்று நாள் ஆனது. வராவிட்டால் அடுத்து எங்கே போவது என்றும் விசாரித்து வைத்திருந்தேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்த ஒன்றை மறக்க முடியாது. சர்வீஸ் அட்வைசர் எஸ்டிமேட்டில் பம்பர், இடது டெயில் லாம்ப், புது டிக்கி கதவு என்று எழுதியிருந்தார். டிங்கரிங் மாஸ்டர் அதைப் படிக்கவே இல்லை. டிக்கியைத் திறந்து பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். குழியின் விளிம்பில் விரல் நுனியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க மடிஞ்சிருக்கு, பாருங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் பெயிண்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. விட்டிருந்தால் மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி அரித்திருக்கும். சர்வேயரும் அதைப் படமெடுத்து மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டார். டிக்கி கதவை மட்டும் மாற்ற வேண்டாம், டிங்கரிங் செய்தால் போதும் என்றார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது எனக்கும் நல்லது என்று தெரிந்தது.

ஏனென்றால் தேய்மானம். என் பாலிசியில் ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் கொடுக்கிற கூடுதல் காப்பு, இல்லை. பிரீமியம் குறையட்டும் என்று முந்தைய வருடம் நானே அதை நீக்கிவிட்டேன். ஜீரோ டெப் இல்லாவிட்டால் மாற்றுகிற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் உள்ள வண்டிக்கு 25 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. பெயிண்ட் வேலையில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குக் கழிவு இல்லை. புதுக் கதவு போட்டிருந்தால் அதன் விலையில் கால்வாசி என் கையிலிருந்து போயிருக்கும்.

என் பில் மொத்தம் 26,700 ரூபாய். பம்பர் 5,200, டெயில் லாம்ப் 4,600, கிளிப்புகளும் சென்சார் பிடிப்பும் 800. இவை மூன்றிலும் பாதி போனது. டிங்கரிங் 4,500, மாட்டும் கூலி 2,000. இவை முழுதாகக் கிடைத்தன. பெயிண்டிங் 9,600, அதில் 1,200 கழிவு. ஆக தேய்மானம் மட்டும் 6,500. அதன்மேல் ஃபைல் சார்ஜ் என்று எல்லோரும் சொல்கிற கட்டாயக் கழிவு 1,000. 1500 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் 2,000. நான் கட்டியது 7,500, நிறுவனம் கொடுத்தது 19,200.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நோ க்ளெய்ம் போனஸை மறந்துவிட்டேன். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடத்தில் 50 என்று ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு ஓன் டேமேஜ் க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மோதியது யார் என்று அங்கே கேள்வியே இல்லை. சிக்னலில் நின்றுகொண்டிருந்த எனக்கும் அதே விதிதான். எனக்கு இது சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை. 45, 50, 50, 50, 50 என்று போயிருக்க வேண்டிய நான், 0, 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய என் ஓன் டேமேஜ் பிரீமியம் சுமார் 8,000. வண்டியின் மதிப்பு வருடா வருடம் குறைவதைக் கணக்கில் எடுத்தாலும் ஐந்து வருடத்தில் எட்டாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் எனக்கு நஷ்டம். கையிலிருந்து போன 7,500ஐயும் சேர்த்தால் 15,500. 26,700 ரூபாய் பில்லில் இன்சூரன்ஸ் எனக்கு உண்மையில் மிச்சப்படுத்தியது பதினோராயிரம்தான். பில் பத்தாயிரம் அளவில் இருந்திருந்தால் க்ளெய்ம் போட்டதே நஷ்டமாகியிருக்கும். எஸ்டிமேட் கைக்கு வந்ததும் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போனஸைக் காப்பாற்றுகிற கூடுதல் காப்பு ஏற்கெனவே எடுத்திருந்தால் கணக்கு மாறும்.

வண்டி பதினேழாம் நாள் கைக்கு வந்தது. அப்புறம்தான் குட்டியானையின் ஓனரைக் கூப்பிட்டேன். "இன்சூரன்ஸ்லதான் குடுத்துட்டாங்களே மேடம், எங்கிட்ட எதுக்கு?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. அதனால் நிறுவனம் கொடுக்காத 7,500 ரூபாயையும், முதல் வருடம் போனஸில் இழக்கப்போகும் 3,600 ரூபாயையும் மட்டும் தனியாக எழுதி, சர்வேயரின் கணக்குத் தாளோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. சி.எஸ்.ஆர். படத்தை அனுப்பிய மறுநாள் அவரே கூப்பிட்டார். போனஸ் கணக்கை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 7,500ஐ இரண்டு தவணையாக ஜிபேயில் போட்டார். 'காப்பீட்டு நிறுவனம் ஏற்காத தொகைக்கு மட்டும்' என்று குறிப்பிட்டு ரசீது அனுப்பினேன். பையன் சம்பளத்தில் பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். "பார்க்கலாம் மேடம்" என்றார். பிடித்தாரா என்று தெரியவில்லை. அதை நினைத்தால் இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இந்த ஏப்ரலில் ரின்யூவல் வந்தது. நோ க்ளெய்ம் போனஸ் கட்டத்தில் 0 என்று இருந்தது. ஜீரோ டெப்பைத் திரும்பச் சேர்த்துப் பணம் கட்டினேன். ஸ்டெப்னிக் குழியில் இதுவரை ஈரம் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் பாயைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். இரவில் பிரேக் மிதிக்கும்போது இடது டெயில் லாம்ப் மட்டும் வலதைவிடப் பளிச்சென்று சிவக்கிறது.