தாடையை முன்னுக்குத் தள்ளின கதை

என் குறட்டை எங்கள் வீட்டில் பகிடிக் கதை. கோண்டாவிலில் மதில் தாண்டி அடுத்த வளவுக்கும் கேட்குது என்று மனிசி சொல்லுவா. அந்தப் பகிடி நின்றது ஆனையிறவில். கிளிநொச்சிக் கந்தோரிலிருந்து காரில் திரும்பி வரும்போது, அந்த நேர் வீதியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் மூடிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தொடையில் அடித்துத்தான் எழுப்பினார். முதல்நாள் இரவு ஏழு மணித்தியாலம் படுத்தவன் நான்.

நித்திரைப் பரிசோதனையை வீட்டிலேயே செய்தார்கள். மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டி, விரலில் ஒக்சிசன் பார்க்கும் கிளிப். மணித்தியாலத்துக்கு 22 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. நித்திரையில் தசைகள் தளர, நாக்குப் பின்னுக்குச் சரிந்து மூச்சுவழியை அடைக்குதாம்.

முதலில் சீபாப் மெசின். காற்றை அழுத்தி அடித்துத் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன்; கடுமையானவர்களுக்கு அதுதான் வேணும். ஆனால் அது 2022, கரண்ட் வெட்டுக் காலம். மாஸ்க்கோடு புழுங்கிப் புழுங்கி, மூன்றாம் மாதம் மெசின் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. இரவில் பற்களில் மாட்டி, கீழ்த் தாடையை முன்னுக்குத் தள்ளி வைக்கிற பிளேட் ஒன்று செய்யச் சொல்லி, நெஞ்சு டொக்டர் பல் டொக்டருக்குக் கடிதம் தந்தார்.

“குறட்டைக்கு ஏன் தம்பி பல்லுப் பிடுங்கிறாங்கள்?” என்று மாமி கேட்டா.

பிடுங்கவில்லை. மாறாக, பல் இருந்தால்தான் இந்த வைத்தியம். மேலும் கீழும் பிளேட் கவ்விப் பிடிக்க உறுதியான பற்கள் போதுமான அளவு வேணும். முரசு, தாடை மூட்டு எல்லாம் பார்த்து, ஒரு சூத்தைப் பல்லை அடைத்த பிறகுதான் அச்சு எடுத்தார். பிறகு ஒரு அளவுகோலைக் கடிக்கத் தந்து, கீழ்த் தாடையை முடிந்த மட்டும் முன்னுக்குத் தள்ளச் சொன்னார். 10 மில்லிமீற்றர் வந்தது. அதில் 6இல் தொடங்குவோம் என்றார். தாடை முன்னுக்கு வந்தால் நாக்கும் கூட வரும், பின்னாலே வழி திறக்கும். விசயம் அவ்வளவுதான்.

முதல் கிழமை தலையணை முழுக்க வீணீர். காலையில் கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று முட்டாது. பாணைக் கடித்தால் பஞ்சைச் சப்புகிற மாதிரி இருக்கும். அதற்கென்று ஒரு சின்னக் கடிகட்டை தந்திருந்தார். தேத்தண்ணி கொதிக்கும் நேரம் அதைக் கடித்துக்கொண்டு நின்றால், மெல்ல மெல்லப் பல் பழைய இடத்தில் வந்து பொருந்தும். நான் அவசரப்பட்டு, தாடையை முன்னுக்கு நகர்த்துகிற பிளேட் ஸ்குரூவைச் சொன்னதை விட இரண்டு மடங்கு திருப்பி, காதுக்கு முன்னால் உளைவெடுத்து நான்கு நாள் கழற்றி வைத்தது என் விசர் வேலை.

இரண்டு மாதத்தில் குறட்டை நின்றது. “இனி உங்களுக்கு வருத்தமில்லை” என்று மனிசி தீர்ப்புச் சொல்லிவிட்டா. நானும் நம்பினேன். டொக்டர் நம்பவில்லை. பிளேட்டைப் போட்டபடியே திரும்பவும் பரிசோதனை செய்யவேணும் என்று நின்றார். எனக்குக் கொஞ்சம் கோபம், காசு பிடுங்குகிற வேலை என்று நினைத்தேன். முடிவு 13. சத்தம் போய்விட்டது, அடைப்பு அரைவாசிக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறது! மல்லாந்து படுத்த நேரங்களில்தான் கூடுதலாம்.

பிறகு தாடையைக் கிழமைக்குக் கால் மில்லிமீற்றர் முன்னுக்கு, பொறுமையாக. 8 மில்லிமீற்றரில் மூன்றாம் பரிசோதனை: 4.

பிளேட்டைச் சுடுதண்ணியில் போடக்கூடாது, நெளிந்துவிடும். கழுவி ஜன்னல் விளிம்பில் காயவைத்த ஒரு நாள் காகம் கொத்திக்கொண்டு போகப் பார்த்தது. இப்போது அது மூடி போட்ட பெட்டியில், மாமியின் பல்செட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவில் மாறி எடுக்காமல் என்னுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறா மனிசி.