நடுப்புள்ளி 13.5

ஏப்ரல் 6

ஆம்பிளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஸ்டாம்பிங், அதாவது இரும்புத் தகடுகள், வந்துவிட்டது. நடுத்தூண் 4 செ.மீ., அடுக்கும் 4 செ.மீ. பதினாறு சதுர சென்டிமீட்டர், 190 வாட் வரை தாங்கும். கம்பி சுற்றும் பாபினை ஃபைபர் அட்டையில் நானே வெட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 7

பிரைமரி 690 சுற்று, 23 கேஜ். முப்பது வருஷமாகப் போர்வெல் மோட்டாருக்குச் சுற்றிய கை, எண்ணிக்கை தானாக ஓடும். ஆனால் 412இல் போன் வந்தது, மகள் பாப்பா. பெங்களூரில் டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டாராம், நாளை மறுநாள் வருகிறாள். பேசி முடித்தபோது 412ஆ 421ஆ என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினேன். ஒன்பது சுற்றில் பெரிய வித்தியாசம் வராது, தெரியும். இருந்தாலும் இந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் சந்தேகம் எதுவும் உள்ளே இருக்க வேண்டாம்.

வோல்ட்டுக்கு மூன்று சுற்று வைத்திருக்கிறேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. இரும்புக்குச் சுமை குறையும், உறுமாது. செகண்டரி 16 கேஜில் 66 சுற்று, 22 வோல்ட். நாளை வார்னிஷ்.

ஏப்ரல் 9

வந்துவிட்டாள். ரயிலில் கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி முகம் தெளிவாக இருக்கிறது.

ஏப்ரல் 10

மேசையை மொட்டை மாடி ஷீட் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். "ஏங்க, ஈயப் புகை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதுங்க" என்று மனைவி சொன்னதும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. மேலே எழும் புகை ரோசின் புகைதான், அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. ஆனால் ஈயம் கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், அந்தக் கையோடு சோற்றுத் தட்டைத் தொட்டால் முடிந்தது. ஆகவே மாடிக்கென்று ஒரு சட்டை, அது மாடிக் கொடியிலேயே தொங்கும். இறங்கும்போது சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுகிறேன். ஷீட்டுக்குக் கீழே பகலில் நிற்கவே முடியாது, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வேலை.

ஏப்ரல் 12

சர்க்யூட்டை மறுபடி பெரிய தாளில் பென்சிலால் வரைந்தேன். ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் எழுதியது. ஒரு சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர், பத்து வாட். 27 வோல்ட் கொடுத்து, பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1.2 ஆம்பியர் ஓட விட வேண்டும். கணக்குப் போட்டால் சேனலுக்கு 32 வாட் சூடு, இரண்டுக்கும் சேர்த்து 65.

மாப்பிள்ளை போனில் கேட்டார், "மாமா, இப்பதான் உள்ளங்கை அளவு போர்டிலேயே நூறு வாட் வருதே, இது எதுக்கு?" நியாயமான கேள்வி, சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, இங்கே சொல்லிப் பார்க்கிறேன். சாதாரண ஆம்பிளிஃபையரில் இரண்டு டிரான்சிஸ்டர் முறை வைத்து வேலை செய்யும், அலையின் மேல் பாதிக்கு ஒன்று, கீழ்ப் பாதிக்கு ஒன்று. ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கிற இடத்தில் மெல்லிய கீறல் விழும், பாட்டு சன்னமாக இருக்கும்போதுதான் அது அதிகமாகத் தெரியும். நல்ல வடிவமைப்பில் அதைக் காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஹூட்டின் இந்தச் சர்க்யூட் கிளாஸ் ஏ வகை, அதில் அந்தக் கைமாற்றமே கிடையாது. இரண்டும் எந்நேரமும் விழித்திருக்கும். நானும் சில வாரங்களாக அப்படித்தான் இருக்கிறேன், அதனாலோ என்னவோ இது பிடித்துவிட்டது.

ஏப்ரல் 15

வாங்கிய எட்டு 2என்3055 டிரான்சிஸ்டரில் மூன்று போலி. ஒரு ஆம்பியருக்கு பேஸ் கரண்ட் அளந்தபோதே சந்தேகம் வந்தது, ஐந்து ஒரு மாதிரியும் மூன்று வேறு மாதிரியும் காட்டின. ஒன்றின் தொப்பியை ஹேக்சாவால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே சிலிக்கான் துண்டு மிளகில் பாதி கூட இல்லை. வெளியே கனமான இரும்புத் தொப்பி, மேலே அழகான எழுத்து. இதை நம்பி 16 வாட் சூட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். காசு போனால் போகிறது. ஆனால் ஒருவர் நம்பி வாங்கும் பொருளுக்குள் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது என்று இரவு முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 18

செக்கப். நானும் உள்ளே போக விட்டார்கள். நர்ஸம்மா ஜெல் தடவி அந்தச் சின்னக் கருவியை வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். இங்கே வைத்தார், அங்கே நகர்த்தினார், இரைச்சல்தான். போன தடவையும் இதே மாதிரிதான் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள், வேறு ஊர், வேறு அறை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் வந்தது. அம்மாப்பேட்டைத் தெருவில் விசைத்தறி ஓடுகிற மாதிரி, டக்கு டக்கு டக்கு என்று நிற்காமல். 142 என்று காட்டியது. 110இலிருந்து 160க்குள் இருந்தால் சரியாம். பாப்பா அதைப் போனில் பதிவு செய்துகொண்டாள்.

அந்தக் கருவி அனுப்புவது காதுக்குக் கேட்காத அலை, வினாடிக்கு இருபது லட்சம் அதிர்வுக்கு மேல். இதயம் அசைவதால் திரும்பி வரும் அலை கொஞ்சம் மாறும். அந்த வித்தியாசம் மட்டும் நம் காது எல்லைக்குள் விழுகிறது. அதில் இருந்த ஸ்பீக்கர் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவு பெரிய செய்தியை அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் கேட்டோம்.

ஏப்ரல் 19

வேலை செய்யவில்லை. தூங்கினேன்.

ஏப்ரல் 23

செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாமான் கடையில், டிரான்சிஸ்டர் சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட்சிங்க் இரண்டு, எடை போட்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், துடுப்பு நன்றாக ஆழமாக இருக்கிறது. வழியில் தட்டுவடை செட் வாங்கி வந்தேன், பாப்பா கேட்டிருந்தாள். காரம் வேண்டாம் என்று அம்மாவும் பெண்ணும் சண்டை. பாதி அவள் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 24

துளை போட்டு, மின்சாரம் கடத்தாத மைக்கா வைத்து, வெள்ளை பேஸ்ட் தடவி டிரான்சிஸ்டரை முடுக்கினேன். மீட்டர் பீப் என்றது. கலெக்டர் ஹீட்சிங்கைத் தொடுகிறது. கழற்றிப் பார்த்தால் துளை விளிம்பில் முள் மாதிரி ஒரு பிசிறு, மைக்காவைக் குத்தியிருக்கிறது. விரலால் தடவினால் கூடத் தெரியாத பிசிறு. நான்கு துளையையும் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே திருகி விளிம்பை வழித்தேன். இப்போது சத்தமில்லை.

ஏப்ரல் 26

முதல் மின்சாரம். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுத்தான் கொடுத்தேன், எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து மற்றதைக் காப்பாற்றும். மோட்டார் ரிப்பேரிலும் இதே வழக்கம்தான். சாதாரண ஆம்பிளிஃபையர் என்றால் பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைந்துவிடும். இது அணையாது, ஏனென்றால் சும்மா இருக்கும்போதும் இழுக்கிறது. மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது, நான் அது போதும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன்.

இரண்டு டிரான்சிஸ்டர் சேரும் நடுப்புள்ளியில் பாதி வோல்ட் இருக்க வேண்டும், 13.5. அதைச் சரிசெய்யும் சின்னத் திருகான பிரீசெட்டைத் திருகித் திருகிக் கொண்டுவந்தேன். இடது 13.5. வலது 13.5. மணி பன்னிரண்டரை.

ஏப்ரல் 27

13.8. 13.4.

ஏப்ரல் 28

13.5. 13.5. மதியம் பாப்பாவுக்கு இடுப்பு வலி, டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

மே 1

ஸ்பீக்கரை மாட்டினேன். ம்ம்ம்ம் என்று ஒரு முனகல். காதை ஒட்டி வைத்தால் நன்றாகக் கேட்கிறது, இரண்டடி தள்ளினால் மெலிதாக. இன்புட்டைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, சேர்த்துப் பார்த்தேன், அப்போதும் போகவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் உறுமவில்லை, கை வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. ஆக இது கம்பி வழியாக வருகிறது.

10,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்தான், ஆனால் 2.4 ஆம்பியர் இடைவிடாமல் இழுக்கும்போது அதில் இரண்டு வோல்ட் அளவுக்கு அலை நிற்கும். வினாடிக்கு நூறு தடவை. மற்ற ஆம்பிளிஃபையர் சும்மா இருக்கும்போது இழுக்காது, அதனால் முனகாது. இது சும்மாவே இருக்காது. இரண்டாவது கெப்பாசிட்டர் போட்டு நடுவில் 0.22 ஓம் வைத்தேன். பாதியாகக் குறைந்தது. போகவில்லை.

இரவு இரண்டு மணிக்கு ஸ்பீக்கரில் காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி மேலே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேக்குதா?" என்றேன். "எதுங்க கேக்கணும், எதுங்க கேக்கக் கூடாது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி உறைத்தது.

மே 3

கண்டுபிடித்துவிட்டேன். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜின் மைனஸிலிருந்து கெப்பாசிட்டருக்குப் போகும் கம்பியின் நடுவில் இன்புட் தரையை இணைத்திருக்கிறேன். கெப்பாசிட்டர் நிரம்பும்போது அந்த நாலு அங்குலக் கம்பியில் பெரிய கரண்ட் துடித்துத் துடித்துப் பாயும், கம்பிக்கும் தடை உண்டு, அந்தத் துளி வோல்ட் இன்புட்டோடு சேர்ந்து 13 மடங்கு பெருகி ஸ்பீக்கருக்கு வரும். தரை என்றால் எல்லா இடமும் ஒன்று என்று நினைத்தது என் தப்பு. இரண்டாவது கெப்பாசிட்டரின் மைனஸைத் தாண்டி ஒரே ஒரு போல்ட் வைத்து, எல்லாத் தரையையும் தனித்தனிக் கம்பியாக அங்கே கொண்டுவந்தேன்.

முனகல் இல்லை. காதை ஒட்டி வைத்தாலும் இல்லை. ஆன் செய்திருக்கிறேனா என்று ஹீட்சிங்கைத் தொட்டுத்தான் பார்த்தேன். இவ்வளவு நாள் இதற்குத்தான் பாடுபட்டேன், ஆனால் ஒரு நிமிஷம் வயிற்றைப் பிசைந்தது. இன்புட் கம்பியில் விரலை வைத்து 'பூம்' என்று சத்தம் வர வைத்த பிறகுதான் கீழே இறங்கினேன்.

மே 4

கத்திரி ஆரம்பம். ஷீட் அறையில் மாலையிலும் 40 டிகிரி. ஹீட்சிங்க் 68. கை வைக்க முடியவில்லை. 1.2 ஆம்பியர் ஒரு மணி நேரத்தில் 1.45 ஆகிவிட்டது. சூடு ஏற ஏற டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது பெருக்கும் திறன், ஏறும், கரண்ட் கூடும், அதனால் இன்னும் சூடு. இது போதாதென்று ராத்திரி லைனில் 248 வோல்ட் வருகிறது. ஹூட் பிறகு இதே சர்க்யூட்டைத் திருத்தி எழுதியபோது இந்தக் கரண்டை நிலையாக நிறுத்த வழி சேர்த்தார். அதைச் செய்யலாம், ஆனால் இப்போது போர்டைப் பிரிக்கும் மனநிலை இல்லை.

ஏற்காட்டில் வைத்தால் இந்தக் கவலையே இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். பாப்பாவும் அதையேதான் சொன்னாள், "அப்பா, ஏற்காடு போய் ஒரு நாள் உட்காந்துட்டு வரலாமா?" இப்போது வேண்டாம் கண்ணு என்றேன். அந்த வளைவுகளில் இவளை உட்கார வைத்து நான் எப்படி வண்டி ஓட்டுவேன்.

மே 5

முட்டாள்தனமாகத் துடுப்பைப் படுக்கை வாட்டில் வைத்திருந்தேன். சூடான காற்று மேலே போக வழியில்லை. நிமிர்த்தி, அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை கொடுத்தேன். 68 இருந்தது 60க்கு வந்துவிட்டது. கரண்டையும் 1.1க்கு இறக்கினேன், பத்து வாட் முழுதாக வராது, ஹாலுக்கு எதற்குப் பத்து வாட். ஃபேன் வைக்க மாட்டேன்.

மே 7

கீழே ஹாலுக்குக் கொண்டுவந்தோம், பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கை பிடித்தார். பாப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சுவிட்சைப் போட்டேன், ஸ்பீக்கரிலிருந்து டொம் என்று ஓர் அடி. அவள் திடுக்கிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. "ஒண்ணும் இல்லப்பா, உதைக்கிறான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவுட்புட் கெப்பாசிட்டர் காலியாக இருந்து நிரம்பும்போது ஸ்பீக்கர் வழியாகத்தான் நிரம்பும், மாடியில் நாலு தடவை இதே டொம் கேட்டு அலட்சியமாக விட்டேன். ராத்திரியே ஸ்பீக்கர் கம்பியில் சுவிட்ச் போட்டு, கெப்பாசிட்டர் தனியாக நிரம்ப 1 கிலோ ஓம் வைத்தேன். ஆன் செய்து பதினைந்து விநாடி பொறுத்து ஸ்பீக்கரைச் சேர்த்தால் ஒரு சத்தமும் இல்லை. இருபது தடவை போட்டுப் பார்த்தேன்.

மே 8

ஒரு மணி நேரம் சூடாக விட்டேன். நடுப்புள்ளி 13.5. என்ன போடுவது என்று கேட்டேன். நான் பழைய நாகஸ்வரம் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அவள் போனை நீட்டினாள், ஏப்ரல் 18.

முதலில் அந்த இரைச்சல், நர்ஸம்மாவின் வளையல், பின்னால் யாரோ கதவு சாத்துவது, அவள் மூச்சு. நான் அன்று நின்ற இடத்தில் என் செருப்பு தரையில் உரசியது கூடக் கேட்டது. அப்புறம் தறி. ஹால் முழுக்க. அவள் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். நாற்பது விநாடிப் பதிவுதான். மூன்று முறை போட்டோம்.

மே 9

13.5. 13.5.

மே 10

டாக்டர் சொன்ன தேதி இன்று. ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மா இரண்டு முறை போன் செய்தார்.

மே 11

13.6. மாலையில் லேசாக மழை, தூறல்தான். கஞ்சமலைப் பக்கம் மின்னியது, பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். பாப்பா அதற்கு முன்பே நாகஸ்வரத்தை அரை மணி நேரம் கேட்டுவிட்டு அப்படியே சோபாவில் தூங்கிவிட்டாள். மின்னல் நின்றதும் பிளக்கைத் திரும்ப மாட்டினேன் என்று நினைக்கிறேன்.

மே 12

அதிகாலை 2.20க்கு வலி. ஆட்டோ உடனே கிடைத்தது.

மணி 3.50. ஆம்பிளிஃபையரை அணைத்தேனா? எவ்வளவு யோசித்தும் சுவிட்ச் ஞாபகம் வரவில்லை. சத்தமே இல்லாமல் எரிந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவி இருக்கிறது, இந்த நேரத்தில் எழுப்புவதா என்று யோசித்து எழுப்பிவிட்டேன்.

4.15. ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். தம்பி அணைத்துவிட்டார்.

4.40. உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தருமபுரி தாண்டிவிட்டார், தொப்பூரில் லாரி ஏதோ குறுக்கே நிற்கிறதாம்.