075 இலக்கம் வைத்திருப்பவர்களுக்கு

075 இல் தொடங்குபவை இலங்கையின் எயார்டெல் லங்கா இலக்கங்கள். எயார்டெல் லங்காவை டயலொக் வாங்கியது 2024 ஜூனில் முடிந்தது. காசு கைமாறவில்லை. எயார்டெல் லங்காவின் முழுப் பங்கும் டயலொக்குக்கு. பதிலுக்கு அதன் இந்தியத் தாய்க் கொம்பனி பார்தி எயார்டெலுக்கு டயலொக்கின் புதுப் பங்குகள், 10.355 வீதம். டொலருக்கு அலைந்த நாட்டில் இது புத்தியான வழி. 2018 இல் எடிசலாட்டின் இலங்கைக் கொம்பனியை ஹட்ச் எடுத்தபோதும் தாய்க் கொம்பனி எடிசலாட் சிறு பங்கோடு உள்ளேயே நின்றது. ஐந்து கொம்பனி நான்காகி, இப்போது மூன்று.

வாங்குகிறவர் கணக்குப் பார்ப்பது வாடிக்கையாளர் தொகையை மட்டுமல்ல, அலைவரிசையையும்தான். ஒரே ஒழுங்கையில் இரண்டு டவர் நின்றால் ஒன்றை நிற்பாட்டலாம்: காணி வாடகை, கரண்ட், ஜெனரேட்டர் டீசல், பற்றரி எல்லாம் மிச்சம். பிழை வருகிற இடமும் இதுதான். வரைபடத்தில் கவரேஜ் நிறைந்திருக்கும். தடித்த சுவருள்ள பழைய கல்வீட்டின் உள்ளறையில் சிக்னல் விழாது. 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும் அளவுக்கு 1800 தாண்டாது.

நெட்வேர்க் மாறும் நாட்களில் சிக்னல் போனால் முதலில் செற்றிங்கில் நெட்வேர்க் தெரிவு 'ஓட்டோமற்றிக்'கில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போனை அணைத்துத் திரும்பப் போடுங்கள். கோல் வந்தும் டேற்றா வராவிட்டால் ஏபிஎன் (போனை இன்ரநெற்றோடு இணைக்கும் செற்றிங்) பழையதாக இருக்கலாம். 4ஜிக்கு முந்திய சிம் என்றால் அடையாள அட்டையோடு போய் மாற்றவேண்டி வரலாம். வங்கி ஓடிபி அந்த இலக்கத்துக்கு வருமென்றால், காசு அனுப்பவேண்டிய நாளில் சிம் மாற்றாதீர்கள்.