கழுவிய காரைக் கீறல் விழாமல் உலர்த்துவது

கறுப்பு அல்லது கருநீலக் காரின் பானெட் பக்கம் வெயில் நேரத்தில் நின்று பாருங்கள். சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றில் நிறைய, கழுவி முடித்த பிறகு கையில் கிடைத்த துணியால் அழுத்தித் தேய்த்ததில் விழுந்தவை. வண்ணத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். பாலிஷ் போட்டுக் கோடுகளை எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தப் படலத்திலிருந்தே கொஞ்சம் தேய்ந்து போகிறது.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு நடக்கும். வெட்டுவதற்கு முன் தோட்டத்துக்குத் தீ வைப்பதால் கரிச் சருகு பறந்து வந்து காரின்மேல் படிகிறது. கரும்புச் சோகையில் இயல்பாகவே சிலிக்கா அதிகம். எரிந்த பிறகும் அது சாம்பலில் அப்படியே இருக்கும். மணலில் இருப்பதும் அதேதான். தீபாவளியும் இந்தப் பருவத்துக்குள் வந்துவிடுகிறது. முதல் நாள் கழுவி நிறுத்திய காரில் மறுநாள் காலை சாம்பல் கிடந்தால், காய்ந்த துணியால் தட்டிவிடவே கூடாது. தண்ணீரைப் பாய்ச்சி அலசிவிட்டுப் பிறகுதான் தொட வேண்டும். கடற்கரை ஓரம் நிறுத்தும் காரில் படியும் உப்புக்கும் இதே முறைதான். பூஜை போட்ட புதுக் காரின் பானெட்டில் காய்ந்துபோன மஞ்சள், குங்குமத்தையும் நனைத்து ஊறவைத்தே எடுங்கள்.

சரியான நேரத்தில் கழுவினாலே பாதி வேலை முடிந்துவிடும். காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை நிழலில் கழுவுவதே நல்லது. பானெட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. டர்பனின் கோடைக்காலப் புழுக்கத்தில் தண்ணீர் சீக்கிரம் காயாது, நிதானமாகத் துடைக்கலாம். குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கிற நாளில் கதையே வேறு. ஒரு பக்கம் அலசுவதற்குள் மறுபக்கம் காய்ந்து வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். அந்த மாதிரி நாளில் கழுவுவதைத் தள்ளிப் போடுங்கள்.

துணியை எடுக்கும் முன் தண்ணீரைத் தானாக வழிய விட வேண்டும். ஹோஸ் பைப்பின் ஸ்பிரே முனையைக் கழற்றுங்கள். பைப்பைக் கூரைக்கு அருகில் பிடித்து, வேகமில்லாமல் ஒரே பாய்ச்சலாக ஊற்றுங்கள். ஸ்பிரே அடித்தால் ஆயிரம் துளிகள் தங்கும். இப்படி ஊற்றினால் தண்ணீர் ஒரு படலமாகச் சேர்ந்து கீழே இறங்கிவிடும். கூரை, பானெட், பூட், பிறகு கதவுகள் என்று மேலிருந்து கீழே வாருங்கள். மெழுகு புதிதாகப் போட்ட காரில் இது அருமையாக வேலை செய்யும். மெழுகு போன காரில் தண்ணீர் பரவி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இனி டவல். பழைய பனியன், குளியல் டவல் எதுவும் வேண்டாம். ஷாமி தோலும் வேண்டாம். அது தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் அதில் இழை கிடையாது. ஒரு மணல் துகள் மாட்டினால் உள்ளே போக இடமில்லாமல் வண்ணத்தின்மேலேயே உருளும். ரப்பர் பட்டையால் வழிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. மைக்ரோஃபைபர் டவலில் துகள் இழைகளுக்கு நடுவே இறங்கிவிடும். 60-க்கு 90 சென்டிமீட்டர், சதுர மீட்டருக்கு 500 கிராமுக்கு மேல் எடையுள்ள டவல் ஒரு காருக்குப் போதும். பக்கி (பிக்கப் வண்டி) என்றால் இரண்டு. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலில் வெட்டிவிடுங்கள், அது கீறும். புது டவலை ஒரு தடவை துவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

துடைப்பது என்பதை மறந்துவிட்டு, ஒற்றுவது என்று நினைத்துக்கொள்ளுங்கள். டவலை விரித்துப் பானெட்டின்மேல் போட்டு, உள்ளங்கையால் லேசாகத் தட்டி, எடுத்துவிடுங்கள். கூரை மாதிரி அகலமான இடத்தில் டவலின் இரண்டு முனைகளைப் பிடித்து, அதன் எடை மட்டும் படும்படி மெதுவாக நம்மை நோக்கி இழுக்கலாம். வட்டமாகத் தேய்க்கவே வேண்டாம். ஒரு பகுதிக்கு இரண்டு தடவை டீட்டெய்லர் ஸ்பிரே (வண்ணத்தை வழுவழுப்பாக்கும் திரவம்) அடித்துவிட்டு ஒற்றினால் டவல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு செலவை நான் எப்போதும் தாராளமாகச் செய்வேன். டவல் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டு மறுபடி எடுப்பவர்களின் கார்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

கதவின் கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி. அங்கேதான் தாரும் மணலும் மிச்சம் இருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது பக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்தும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலிருந்தும் ஒரு கோடு வழியும். கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, பின் விளக்கு ஓரம், காரின் பெயர் எழுத்துகள் எல்லாவற்றிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். தோட்டத்தில் இலை ஊதும் மெஷின் இருந்தால் இந்த இடுக்குகளில் ஊதி வெளியேற்றலாம். காற்றைத் தரைப் பக்கம் திருப்பாதீர்கள், மணல் பறந்து ஈர வண்ணத்தில் ஒட்டும். ஓட்டிக்கொண்டு போய்க் காய வைக்கலாம் என்று கிளம்பினாலும் அதே தூசுதான் வந்து ஒட்டும்.

புள்ளி விழுந்துவிட்டால், அது தண்ணீரில் இருந்த கால்சியம், மக்னீசியம் உப்பு. போர்ஹோல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் இது அதிகம் வரும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த பானெட்டின்மேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள். அந்த இடத்தில் மெழுகு போயிருக்கும், திரும்பப் போட வேண்டும். இதற்கும் போகாவிட்டால் கறை கிளியர் கோட்டை அரித்துவிட்டது, பாலிஷ்தான் வழி.

டவலை 40 டிகிரித் தண்ணீரில் தனியாகத் துவையுங்கள். பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் இழையில் படலம் படிந்து, டவல் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டு போகும்.

நிறுத்துவதற்கு முன் தெருவில் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை லேசாக பிரேக் மிதியுங்கள். ஈரமான டிஸ்க்கில் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டால் மறுநாள் காலை பிரேக் பேட் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.