வாளியும் தூண்டிலும்

போன கோடையில் எட்டு மணி நேரத்துக்குப் படகு எடுத்தது முழுக்க முழுக்க என் ஆசை. ஆழ்கடல், பெரிய மீன், அதைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு போட்டோ. கரை மறைந்த கொஞ்ச நேரத்திலேயே சின்னவன் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், அவனைப் பார்த்து அவன் அம்மாவுக்கும் குமட்ட ஆரம்பித்தது, இரண்டு பேரையும் பார்த்து மாமனாருக்கு. “மாப்ள, திரும்பிடலாமா?” என்று அவர் கேட்டபோது இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி இருந்தது.

அதனால் இந்த வருடம் கணக்கே வேறு. சின்னவன் எவ்வளவு நேரம் தாங்குவானோ அவ்வளவுதான் பயணம். நான்கு மணி நேரப் படகு போதும். ஆனால் அந்த நான்கில் போக வர எவ்வளவு போகும் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும், மீன் இருக்கும் இடத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றால் தூண்டில் பிடிக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்.

அப்புறம் எந்த மாதிரி மீன்பிடிப்பு என்பது. ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துக்கொண்டே போவது பெரிய மீனுக்கான வழி, ஆனால் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது, நடக்கும்போது கம்பு ஒருவர் கையில்தான் இருக்கும். படகை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டி அடியில் இறக்கும் தூண்டில்தான் பிள்ளைகளுக்குச் சரி. கிடைப்பது உள்ளங்கை அளவு மீனாக இருக்கலாம், ஆனால் தூண்டில் நரம்பு விரலில் வெடுக்கென்று இழுக்கும் அந்த நொடி எல்லாருக்கும் கிடைக்கும்.

நேரம், காலையில் முதல் பயணம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று வலுக்கும், மதியத்துக்கு மேல் கடல் கொந்தளிப்பது பெரும்பாலும் அதனால்தான். வானிலை பார்க்கும்போது நான் போன தடவை அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்தேன். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை வினாடி என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் அலை பத்து வினாடிக்கு ஒன்று வந்தால் தொட்டில், அதே ஒரு மீட்டர் நான்கு வினாடிக்கு ஒன்று என்றால் மேடுபள்ள ரோட்டில் கட்டைவண்டியில் உட்கார்ந்த மாதிரி. போகலாமா வேண்டாமா என்பதில் கேப்டன் சொல்வதுதான் கடைசி, அவர் வேண்டாம் என்றால் முன்பணம் திரும்புமா, தேதி மாறுமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

குமட்டல் மாத்திரையைக் குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டு என்ன பயன்? வயிற்றில் தங்காது. கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், பிள்ளைகளுக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பது டாக்டரைக் கேட்டு. படகின் முன்பக்கம்தான் அதிகம் எழும்பி விழும், ஆகவே நடுவிலோ பின்னாலோ உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். போன தடவை சின்னவன் கேபினுக்குள் குனிந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தான், நானும் தொந்தரவு இல்லையே என்று விட்டுவிட்டேன்!

பிள்ளைகள் அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மாட்டிவிட்டு, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி மட்டும் காதுவரை ஏறினால் அது அவனுக்குப் பெரிது, தண்ணீரில் விழுந்தால் கழன்றுவிடும். கழிப்பறை உண்டா, மீன்பிடி உரிமம் படகோடு சேர்ந்ததா நாம் தனியாக எடுக்க வேண்டுமா, பிடித்த மீன் யாருக்கு, இதெல்லாம் ஒரே போனில் கேட்டுவிடலாம்.

கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலைச் சின்னவனே எழுதுகிறேன் என்றான். தொப்பி, வழுக்காத செருப்பு, தண்ணீர் எல்லாம் இருக்கிறது. முதல் வரியில், கோடு போட்டு: வாளி 2. ஒன்று மீனுக்காம்.